உடற்பருமனும் தொலைபேசியும்

திருத்தப்படாத கட்டுரை நோட்டை எந்த மாணவனும் நெடுநாள் எழுதமாட்டான். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து நான் கற்றுக்கொண்ட பாடங்களுள் இஃது ஒன்று. ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் இரண்டு சொல் எழுதித் திருப்பிக் கொடுத்தாரானால், மறுவாரமும் பையன் எழுதிக்கொண்டு வருவான். நோட்டுகள் மேசையடியில் அடுக்கப்பட்டு அப்படியே கிடக்குமானால், மூன்றாம் வாரம் பாதி வகுப்பு எழுதியிராது. எழுதச் சொன்னதில் குறைவில்லை; எழுதியதை வாங்கிப் படிப்பவர் இல்லாமையே குறை. இந்தச் சிறிய உண்மைக்கும் உடல் எடையைக் குறைக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. அதைச் சொல்லவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பொருளை வரையறுத்துக் கொள்வோம். உடற்பருமனுக்கு மருந்து உண்டு. அறுவை மருத்துவமும் உண்டு. இவ்விரண்டும் அல்லாமல், உண்ணும் முறை, நடமாட்டம் முதலிய அன்றாடப் பழக்கங்களைச் சிறிது சிறிதாக மாற்றி எடையைக் குறைப்பது மூன்றாவது முறை. இதனைப் பழக்க மாற்ற மருத்துவம் என்று நாம் அழைக்கலாம். நோயாளி மருத்துவமனைக்கு வந்து, வழிகாட்டியின் எதிரில் அமர்ந்து இதனைப் பெறுவதே முன்பு வழக்கமாக இருந்தது. அதனையே தொலைபேசி, இணையம், காணொளி ஆகியவற்றின் வாயிலாக வீட்டிலிருந்தபடியே பெறுவது தொலைமருத்துவத்தின் ஒரு பகுதி. முகம் பாராமல் ஒருவரின் பழக்கத்தை மற்றொருவர் மாற்ற இயலுமா? பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் விடை தேடிய கேள்வி இது.

எடை மிகுதி என்பதை அளக்க ஒரு கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையால் கிலோகிராமில் உள்ள எடையை வகுக்க வேண்டும். கிடைப்பது உடல் நிறைக் குறியெண். 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உடையவருக்கு இது 25. உலகளாவிய அளவில் 30 அல்லது அதற்கு மேற்பட்டால் உடற்பருமன் என்பர். இந்தியர்களுக்கு அதற்கும் குறைந்த எடையிலேயே நீரிழிவு முதலிய நோய்கள் வருவதால், 25 முதற்கொண்டே உடற்பருமன் எனக் கொள்ள வேண்டும் என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் கருத்து வெளியிட்டனர். ஒன்று சொல்லிவிடுகிறேன்: வளரும் பிள்ளைகளுக்கு இவ்வெண்கள் பொருந்தா. அவர்களுக்கு வயதும் பாலும் பார்த்து வேறு அட்டவணை உண்டு. ஆதலால் பள்ளி மாணவர்கள் இக்கணக்கைப் போட்டுவிட்டுத் தாமாகவே பட்டினி கிடக்கத் தொடங்க வேண்டா.

இம்மருத்துவத்தின் வேர் நம் ஆசிரியப் பயிற்சிப் பாடத்திலேயே இருக்கிறது. தூண்டல், துலங்கல் என்று நாங்கள் மனப்பாடம் செய்த சொற்களை ஆசிரியப் பயிற்சி பெற்றோர் மறந்திரார். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தின் ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞர், ஒரு செயலின் பின்விளைவு அச்செயலை மீண்டும் செய்விக்கவோ நிறுத்தவோ வல்லது என்று காட்டினார். இக்கருத்தை உண்ணும் பழக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தவர்களுள் ரிச்சர்டு ஸ்டூவர்ட் என்பவர் ஒருவர். 1967-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், எட்டுப் பெண்கள் ஓராண்டில் 26 முதல் 47 ராத்தல் வரை, அஃதாவது ஏறத்தாழ 12 முதல் 21 கிலோ வரை எடை குறைந்ததாகக் கூறினார். எட்டே பேர்; ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழுவும் இல்லை. ஆயினும் அக்கட்டுரைக்குப் பின்னர் அமெரிக்காவில் இத்துறை விரைந்து வளர்ந்தது. உண்பவரைப் பேராசைக்காரர் என்று இகழ்வதை விடுத்து, அவர் எங்கே, எப்போது, எதைப் பார்த்து உண்ணத் தொடங்குகிறார் என்று கேட்கும் வழி திறந்தது.

பெரிய அளவில் இம்முறையைச் சோதித்த ஆய்வு, அமெரிக்காவில் 27 மையங்களில் நடைபெற்ற நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. அதன் முடிவு 2002-இல் வெளிவந்தது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,234 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தனர். ஒரு பகுதியார்க்குப் பழக்க மாற்றப் பயிற்சி: எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைய வேண்டும், வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடக்க வேண்டும். 24 வாரங்களில் 16 பாடங்களைத் தனித்தனியே ஒரு வழிகாட்டி நடத்தினார். மற்றொரு பகுதியார்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை. இன்னொரு பகுதியார்க்கு மருந்தற்ற வெறும் மாத்திரை. ஏறத்தாழ மூன்றாண்டு கழிந்தபோது, வெறும் மாத்திரை உண்டவர்களை நோக்க, மெட்ஃபார்மின் உண்டவர்களிடையே நீரிழிவு 31 விழுக்காடு குறைந்திருந்தது; பழக்கம் மாற்றியவர்களிடையே 58 விழுக்காடு குறைந்திருந்தது. இவர்கள் குறைத்த எடை சராசரியாக 5.6 கிலோதான். மெலிந்து கொடியாகிவிடவில்லை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நோய் வரும் வாய்ப்பு 16 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் கணக்கிட்டுக் கூறினர். 80 கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோ குறைத்தால் கண்ணாடி அதைக் காட்டாது, குருதி காட்டும்.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் நடப்பது எளிதா? பதினாறு பாடங்களுக்குப் பதினாறு முறை வர வேண்டும். பணியில் விடுப்பு எடுக்க வேண்டும். பேருந்து ஏற வேண்டும். பிள்ளைகளை யாரிடமேனும் ஒப்படைக்க வேண்டும். காத்திருப்போர் அறையில் அமர வேண்டும். முதல் மாதம் வருபவர் மூன்றாம் மாதம் வருவதில்லை. இங்கேதான் தொலைபேசி வருகிறது.

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஆப்பெல் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வை நான் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். இத்துறையில் இதைவிடத் தெளிவாக வினாவைக் கேட்ட ஆய்வை நான் படித்ததில்லை. ஆறு மருத்துவ நிலையங்களிலிருந்து 415 பேரைச் சேர்த்தனர். அவர்களின் சராசரி எடை ஏறத்தாழ 104 கிலோ. சராசரி வயது 54. மிகை இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற ஓர் இடரேனும் அனைவர்க்கும் இருந்தது. இவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதற்குழுவினர் தொடக்கத்தில் ஒரு வழிகாட்டியை ஒருமுறை சந்தித்தனர். அச்சிட்ட அறிவுரைத் தாள்களும், பார்க்கத்தக்க இணையப் பக்கங்களின் பட்டியலும் பெற்றனர். அதன் பின்னர் அவர்கள் தம் வழியே விடப்பட்டனர். இரண்டாம் குழுவினர் வழிகாட்டியை நேரில் ஒருமுறையேனும் காணவில்லை. முதல் மூன்று மாதம் வாரந்தோறும் தொலைபேசியில் பேசினர். பின்னர் மாதம் ஒருமுறை. மூன்றாம் குழுவினர்க்கு நேரில் கூட்டங்களும் தனிச் சந்திப்புகளும் இருந்தன. வேண்டும்போது தொலைபேசியும் இருந்தது.

பின்னிரு குழுவினர்க்கும் ஓர் இணையத்தளம் இருந்தது. அதில் எடையையும் உணவின் கலோரியையும் உடற்பயிற்சி நிமிடங்களையும் அவர்கள் தாமே குறிக்க வேண்டும். குறித்தவை வரைபடமாகத் தோன்றும். சில நாள் எட்டிப் பாராதவர்க்கு மின்னஞ்சல் வாயிலாக ஒரு நினைவூட்டல் செல்லும். அவர்களின் குடும்ப மருத்துவர்க்கும் அந்த முன்னேற்ற அறிக்கை கிடைத்தது. வழக்கமான மருத்துவத்துக்கு வரும்போது, “உங்கள் வரைபடத்தைப் பார்த்தேன்” என்று அவரும் ஒரு சொல் சொல்லி ஊக்குவிக்க முடிந்தது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பாசிரியர் திருத்திய நோட்டைத் தலைமையாசிரியரும் எப்போதேனும் புரட்டிப் பார்ப்பதற்கு ஒப்பானது அது.

முடிவு 2011-இல் வெளியாயிற்று. இரண்டாண்டு முடிவில், அறிவுரைத் தாள் பெற்றவர்கள் சராசரியாக 0.8 கிலோ குறைந்திருந்தனர். நேரில் பயிற்சி பெற்றவர்கள் 5.1 கிலோ குறைந்திருந்தனர். முகமே பாராமல் தொலைபேசியில் பயிற்சி பெற்றவர்கள் 4.6 கிலோ குறைந்திருந்தனர். பின்னிரண்டுக்கும் இடையேயுள்ள அரைக் கிலோ வேறுபாடு, புள்ளியியல் முறைப்படி வேறுபாடாகவே கொள்ளத்தக்கதன்று. தம் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் குறைந்தவர்கள் தாள் பெற்ற குழுவில் நூற்றுக்கு 19 பேர். தொலைபேசிக் குழுவில் 38 பேர். நேர்முகக் குழுவில் 41 பேர்.

காரணம் என்ன? வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். முதல் ஆறு மாதத்தில் 15 தொலைபேசிப் பேச்சுகள் நடைபெற வேண்டும். பெரும்பாலோர் 14 பேச்சுகளில் கலந்துகொண்டனர். எஞ்சிய பதினெட்டு மாதங்களில் 18-க்கு 16. நேர்முகக் குழுவிலோ முதல் ஆறு மாதத்தில் 21 சந்திப்புகளுக்கு 14 அல்லது 15 என்பதே நடுத்தர அளவு; பின்னர்க் கூட்டங்களுக்கு வருவது இன்னும் அருகி, அவர்களும் தொலைபேசியையே நாடினர். நேரில் பேசும் ஒரு மணிக்கு ஆற்றல் மிகுதிதான். ஆனால் வராதவர்க்கு அந்த ஒரு மணியால் பயன் என்ன?

தொலைபேசியில் அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று அறிய உங்களுக்கு விருப்பம் இருக்கும். ஒருவரை எண்ணிக்கொள்வோம், இவர் என் கற்பனையே. பால்ட்டிமோர் நகரில் பேருந்து ஓட்டுபவர். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பித் தொலைக்காட்சியின் முன் அமர்கிறார். கையில் ஓர் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம். படம் முடிவதற்குள் பொட்டலம் முடிந்துவிடும். அதில் ஆயிரம் கலோரி இருந்தது என்று குறித்தபோதுதான் அவருக்கே அது தெரிகிறது. வழிகாட்டி, “ஏன் உண்டீர்கள்?” என்று கேட்பதில்லை. “பொட்டலம் எங்கே இருந்தது?” என்று கேட்கிறார். நாற்காலியின் பக்கத்து மேசையில். “அதனை எங்கே வைத்தால் எழுந்துபோய் எடுக்கச் சோம்பல் வரும்?” அவர் சிரிக்கிறார். மாடிக்குக் கீழேயுள்ள நிலவறையில் வைக்கலாம் என்கிறார். ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து எடுத்துக்கொண்டு பொட்டலத்தைக் கீழேயே விட்டுவருவது என்று முடிவாகிறது. அடுத்த வாரம் அதே நாள், அதே மணிக்கு முதற்கேள்வி: “கிண்ணம் என்ன ஆயிற்று?” நான்கு இரவு நடந்தது, மூன்று இரவு நடக்கவில்லை. நடக்காத மூன்று இரவிலும் அவர் கூடுதல் வேலை பார்த்து, இரவு உணவு உண்ணாமல் வந்திருக்கிறார். இப்போது பேச்சு வறுவலைவிட்டு இரவு உணவின் பக்கம் திரும்புகிறது.

தூண்டலைக் கண்டுபிடித்தல், இலக்கைச் சிறிதாக அமைத்தல், இடையூற்றை ஆராய்தல், மீண்டும் திட்டமிடல் என்னும் நான்கும் இந்தச் சிறு பேச்சில் அடங்கிவிட்டன. இவற்றுள் எதற்கும் முகம் காண வேண்டிய தேவை இல்லை. தொலைவில் இருப்பதில் ஒரு நன்மைகூட உண்டு. மருத்துவமனையில் அமர்ந்து தம் வீட்டு அடுக்களையை நினைவுகூர்வதைவிட, அடுக்களையிலேயே நின்று, அலமாரியைத் திறந்து பார்த்து விடை சொல்வது எளிது.

வழிகாட்டிகள் கைக்கொள்ளும் பேச்சு முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. வில்லியம் மில்லர் என்னும் உளவியலறிஞர் 1983-இல் குடிப்பழக்கம் உடையோரிடம் பேசுவதற்கு ஒரு முறையை எழுதினார். பின்னர் ஸ்டீஃபன் ரோல்னிக் என்பவருடன் சேர்ந்து அதனை விரித்தார். மாற வேண்டிய காரணத்தை வழிகாட்டி சொல்லக்கூடாது. கேள்வி கேட்டுக் கேட்டு, கேட்கப்படுபவர் வாயிலிருந்தே அது வரும்படி செய்ய வேண்டும் என்பது இம்முறை. என் போன்ற பழைய தலைமையாசிரியர்களுக்கு இது கைவருவது மிகவும் அரிது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அறிவுரை கூறாவிட்டால் எங்களுக்குத் தொண்டை வறண்டுபோகும்.

இனி மற்றொரு கேள்வி. இணையத்தில் பாடங்களை வைத்துவிட்டால் போதாதா? ஆளும் வேண்டுமா? டெபோரா டேட் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் இதனைத் தனியே பிரித்துப் பார்த்தனர். 2001-இல் வெளிவந்த ஆய்வில் 91 பேர். அனைவர்க்கும் தொடக்கத்தில் ஒரு நேர்முகப் பாடம். எடைக் குறைப்புச் செய்திகள் அடங்கிய இணையத்தளம். ஒரு பாதியார்க்கு மட்டும் கூடுதலாக வாரந்தோறும் மின்னஞ்சலில் பாடம். தம் உணவுக் குறிப்பை அவர்கள் அனுப்ப, அதனைப் படித்து ஒருவர் பதில் எழுதினார். ஆறு மாதத்தில் செய்தி மட்டும் பெற்றவர்கள் 1.6 கிலோ குறைந்தனர். பதிலும் பெற்றவர்கள் 4.1 கிலோ குறைந்தனர்.

2006-இல் இன்னும் ஒரு படி சென்றனர். பதில் எழுதுவது மனிதராக இல்லாமல் கணினியாகவே இருந்தால்? 192 பேரை மூன்றாகப் பிரித்தனர். மூன்று மாதம் வரை, கணினியின் பதில் பெற்றவர்களும் மனிதரின் பதில் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே எடை குறைந்தனர். ஆறாம் மாதத்தில் வேறுபாடு தெரிந்தது. இறுதிவரை நின்றவர்களுள் மனிதர் பதில் எழுதிய குழு 7.3 கிலோ; கணினி பதில் எழுதிய குழு 4.9 கிலோ, பதிலே இல்லாத குழு 2.6 கிலோ. இன்றைய கணினிகள் 2006-ஆம் ஆண்டின் கணினிகள் அல்ல. மனிதரைப் போலவே பேசவும் எழுதவும் கற்றுவிட்டன. ஆதலால் இந்த இடைவெளி இன்றும் அப்படியே இருக்கும் என்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே நடந்தது சிந்திக்கத்தக்கது. புதுமை தீர்ந்த பிறகு, ஒரு மனிதர் நமக்காகக் காத்திருக்கிறார் என்னும் எண்ணம் தாங்கிப் பிடித்தது என்றே நான் கொள்கிறேன். பதில் வருமென்று தெரிந்தால்தான் பையன் நோட்டில் எழுதுவான்.

எடையைக் குறைப்பதைவிடக் கடினமானது, குறைந்ததைக் காப்பது. உடல் தன் பழைய எடையை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. எடை குறைந்தால் பசி மிகும். ஓய்வில் செலவாகும் ஆற்றலும் குறையும். புளோரிடாவின் வடபகுதி நாட்டுப்புறங்களில் 50 முதல் 75 வயது வரையுள்ள 234 பெண்களைக் கொண்டு மைக்கேல் பெர்ரி என்பவர் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. அவர்கள் ஆறு மாதத்தில் சராசரியாகப் பத்துக் கிலோ குறைந்தனர். அடுத்த ஓராண்டில், அறிவுரை மடல்களை மட்டும் பெற்றவர்களுக்கு 3.7 கிலோ திரும்பி ஏறியது. நேரில் சந்தித்தவர்களுக்கு 1.2 கிலோ, தொலைபேசியில் பேசியவர்களுக்கும் அதே 1.2 கிலோ. மருத்துவமனை தொலைவிலிருக்கும் சிற்றூர் மக்களுக்கு இது பெருஞ்செய்தி.

ஆனால் எல்லாச் சான்றும் ஒரே பக்கம் பேசவில்லை. ரீனா விங் என்பவரின் குழு, எடை குறைத்து முடித்த 314 பேரைப் பதினெட்டு மாதம் கவனித்து 2006-இல் எழுதியது. மடல் மட்டும் பெற்றவர்கள் 4.9 கிலோ ஏறினர். இணைய வழிப் பயிற்சி பெற்றவர்கள் 4.7 கிலோ ஏறினர். நேர்முகக் குழுவினர் 2.5 கிலோ மட்டுமே ஏறினர். இங்கே நேர்முகமே வென்றது. ஆகவே, தொலைவழி எப்போதும் நேர்வழிக்கு நிகர் என்று விளம்பரக்காரர் சொன்னால் நம்ப வேண்டா. தொலைபேசியில் ஒரு குரலோடு பேசுவதும், திரையில் எழுத்தைப் படிப்பதும் ஒன்றல்ல என்பதே இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

என் கருத்துக்கு மாறாக நிற்கும் ஒரு சான்று நம் சென்னையிலிருந்தே வந்துள்ளது. அதனையும் மறைக்கலாகாது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் தென்னிந்தியாவில் பணியாற்றும் 537 ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. எல்லாரும் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள். அனைவர்க்கும் தொடக்கத்தில் நேரில் அறிவுரை தரப்பட்டது. ஒரு பாதியார்க்கு மட்டும் இரண்டாண்டு காலம் கைப்பேசியில் குறுஞ்செய்திகள் சென்றன; பழக்கத்தை மாற்ற அவரவர் எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறார் என்பதற்கேற்ப அவை அமைந்திருந்தன. செய்தி பெறாத 266 பேரில் 73 பேருக்கு நீரிழிவு வந்தது. செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கு வந்தது. எடைக் குறைப்பை அளக்கவென்று எழுந்த ஆய்வன்று இது. நீரிழிவைத் தடுப்பதே நோக்கம். அன்றியும் ஆறு மாதத்துக்கொருமுறை அவர்கள் நேரில் பரிசோதிக்கப்பட்டனர். எனினும், மறுமொழியை எதிர்பாராத சிறு செய்திகளுக்கும் பயன் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விலையுயர்ந்த கருவியோ காணொளியோ இல்லாதவர்க்கும் எட்டுவது இவ்வழி.

இதுகாறும் எண்களைச் சொன்னேன். எண்களில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் உதவியாசிரியனாக இருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உடற்பரிசோதனை நாளன்று, ஒன்பதாம் வகுப்புப் பையன்களை வரிசையாக எடைக் கருவியில் ஏற்றி, எடையை உரக்கப் படிப்பது என் வேலை. எழுத்தர் அப்பால் அமர்ந்து எழுதிக்கொள்வார். ஒரு பையனின் எண்ணைப் படித்தபோது வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், அதோடு நில்லாமல், கருவி தாங்குமா என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டேன். அதன்பின் அவன் விளையாட்டு வகுப்புக்கு வரவில்லை. மறு ஆண்டு எடை பார்க்கும் நாளில் பள்ளிக்கே வரவில்லை. உடம்பை அசைக்க வேண்டிய பிள்ளையை நான் ஆடுகளத்திலிருந்து விரட்டியவனானேன். பருமன் என்பது மனவுறுதியின் குறைவு என்றே அன்று நினைத்திருந்தேன். பரம்பரையும் தூக்கமும் மருந்துகளும் மனச்சோர்வும் சுற்றியுள்ள கடைகளும் அதில் எவ்வளவு பங்கு கொள்கின்றன என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது.

தொலைவழி முறையைப் பற்றிப் படித்தபோது என் நினைவுக்கு முதலில் வந்தவன் அந்தப் பையன்தான். வீட்டில், கதவு சாத்திய அறையில், தன் கருவியில் தானே ஏறி நிற்கலாம். எண்ணை ஒருவர் மட்டுமே காண்பார், காண்பவர் சிரிக்கமாட்டார். மருத்துவமனை நாற்காலியின் கைப்பிடிகளுக்கு இடையே அடங்கமாட்டோமோ என்று அஞ்சி வராதவர்கள் உண்டு. வீதியில் நடந்தால் ஏளனம் செய்வார்களென்று இருட்டிய பின் நடப்பவர்கள் உண்டு. முகம் காணாமை இவர்களுக்குக் குறையாகத் தோன்றுவதற்கு மாறாக நிழலாக அமையும்.

குறைகளும் உண்டு. தொலைபேசியில் நாடி பிடிக்க முடியாது. கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்க முடியாது. திடீரென எடை கூடுவதற்குத் தைராய்டு சுரப்பியோ இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அதனை முதலில் நேரில் ஆராய்ந்த பிறகே பழக்க மாற்றம் தொடங்க வேண்டும். உண்டபின் தாமே வாந்தியெடுப்பவர், உண்ணவே அஞ்சுபவர் ஆகியோர்க்கு எடையை நாள்தோறும் குறிக்கச் சொல்வது தீங்காகவே முடியும். கருவுற்ற தாய்மார்க்கும் இது உரியதன்று. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர் உணவைக் குறைத்தால் மருந்தின் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டும். அல்லாவிடில் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரும்.

அண்மைக் காலத்தில் வந்துள்ள ஊசி மருந்துகளைப் பற்றியும் உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். செமாகுளூட்டைடு என்னும் மருந்தை வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டவர்கள் 68 வாரத்தில் எடையில் நூற்றுக்கு 14.9 பங்கு குறைந்ததாக 2021-இல் ஓர் ஆய்வு கூறிற்று. மருந்தற்ற ஊசி போட்டவர்கள் 2.4 பங்கு குறைந்தனர். இரு குழுவினர்க்கும் நான்கு வாரத்துக்கொருமுறை பழக்க மாற்ற அறிவுரை இருந்தது. மருந்தையும் அறிவுரையையும் நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்று 2022-இல் எழுதினர். ஊசி வந்துவிட்டதால் வழிகாட்டிக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. பதிவுபெற்ற மருத்துவர் காணொளியிலோ குரலிலோ எழுத்திலோ மருத்துவம் கூறுவதற்கு அவை தெளிவான வரம்பு வகுத்தன. ஆயினும் எடைக் குறைப்பு என்ற பெயரில் கைப்பேசியில் வருவன எல்லாம் மருத்துவம் ஆகா. சேரும் முன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். நான் அனுப்பும் குறிப்பைப் படிப்பவர் யார்? அவர் என்ன படித்தவர்? எத்தனை நாளுக்கொருமுறை பேசுவார்? எடை குறையாவிட்டால் அவர் என்ன செய்வார்? என் குறிப்புகளை வேறு யாருக்குக் காட்டுவார்? ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று உறுதி கூறுபவரிடம் இக்கேள்விகளுள் முதலாவதைக் கேட்டாலே போதும்.

உங்கள் வீட்டில் தாயாரோ பாட்டியாரோ மருத்துவரின் சொற்படி இம்முறையில் சேர்ந்தாரானால், கைப்பேசியை இயக்கித் தருவது பெரும்பாலும் உங்கள் பொறுப்பாகவே அமையும். அதில் சில சிறு நுட்பங்கள் உண்டு. எடைக் கருவியைப் பாயின் மீதோ விரிப்பின் மீதோ வைக்காமல் வெறும் தரையில் வைக்க வேண்டும். ஒரே கருவி, காலையில் எழுந்து கழிவறை சென்று வந்தபின், உண்ணும் முன், ஏறத்தாழ ஒரே எடையுள்ள ஆடை. உடம்பில் நீர் கூடிக் குறைவதால் ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே ஒரு கிலோ வரை மாறுபடலாம். முதல்நாள் ஊறுகாயோ அப்பளமோ மிகுந்திருந்தால் மறுநாள் எண் ஏறியிருக்கும். அதைக் கண்டு பாட்டியார் கலங்குவார். பழைய வாரத்தின் எண்ணையே எழுதிவிடு என்று உங்களிடம் சொல்லவும் கூடும். வரைபடத்தில் ஒரு புள்ளி மேலே போனதென்று எவரும் கோபிக்கப்போவதில்லை என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கருவி காட்டிய எண்ணையே எழுதி, தொலைபேசி ஒலிக்கும் நேரத்துக்கு அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.